ஏலம் முடிந்த பின் எழும் பிணக்கு: இணைய வணிகத்தில் தபால் கட்டணமும் அமானிதமும்



விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலேயே வியாபாரம் முடிந்துவிடும் காலம் இது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஈபே போன்ற இணைய ஏலத் தளங்கள், வீட்டில் கிடக்கும் பழைய பொருளையும் உலகின் மறுகோடியில் உள்ளவருக்கு விற்கும் வாசலைத் திறந்துவிட்டன. இந்தியாவில் அத்தளத்தின் கிளை 2018ஆம் ஆண்டு மூடப்பட்டுவிட்டது. எனினும் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் வாழும் நம் குடும்பங்களில் பலர் இன்றும் இவ்வாறு வாங்கவும் விற்கவும் செய்கின்றனர்.

இந்த வணிகத்தில் பொருளின் விலையைக் காட்டிலும் அதிகமான மனக்கசப்பை உண்டாக்குவது தபால் கட்டணம்தான். இரண்டு, மூன்று பவுண்டுதானே என்று நாம் அலட்சியமாக எண்ணலாம். ஆனால் அது பிறருடைய பொருள். மறுமையில் கணக்குக் கேட்கப்படும் அடியார்களின் உரிமை. எனவே இதில் மார்க்கத்தின் நிலை என்ன என்பதை விளங்கிக்கொள்வது நம் கடமையாகும்.

ஏல விற்பனை கூடுமா?

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றொருவர் குறுக்கிட்டு விலையை ஏற்றுவதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். ஆனால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விற்பவரே அறிவித்துவிட்ட ஏலம் இத்தடைக்குள் வராது. வறுமையில் வாடிய ஒரு தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் கூறி, ஒரு திர்ஹத்திற்குக் கேட்கப்பட்டதை இரண்டு திர்ஹத்திற்கு விற்றுக் கொடுத்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். அது ஹராம். விற்பவர் தம் நண்பரையோ உறவினரையோ வேறு பெயரில் கேட்கச் செய்வதும் இதுவேயாகும்.

பிணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

ஒருவர் 99 பென்ஸுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை ஏலத்தில் எடுக்கிறார் என்று கொள்வோம். தபாலுக்கென்று 6 பவுண்டு செலுத்துகிறார். பார்சல் வந்து சேர்ந்ததும் உறையின் மீது ஒட்டப்பட்டிருக்கும் தொகை அதில் பாதிகூட இல்லை. ‘என்னை ஏமாற்றிவிட்டார்’ என்கிறார் வாங்கியவர். ‘அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும் இலவசமாகவா வருகின்றன? அஞ்சலகத்திற்குச் சென்று வரும் நேரத்திற்கு மதிப்பில்லையா?’ என்கிறார் விற்றவர்.

இதற்குப் பின்னணியில் ஒரு தந்திரமும் உண்டு. தொடக்க காலத்தில் ஈபே தளம், விற்பனையான விலையின் மீது மட்டுமே தனக்குரிய கட்டணத்தைக் கணக்கிட்டது. எனவே விற்பவர்களில் சிலர் விலையைக் குறைத்தும் தபால் கட்டணத்தை உயர்த்தியும் காட்டினர். இதனால் தளத்திற்குச் சேர வேண்டிய தொகை குறைந்தது. பொருள் திருப்பப்பட்டால் ‘விலையை மட்டுமே தருவேன்’ என்று கூறித் தப்பவும் வழி கிடைத்தது. தளம் இதனை விதிமீறல் என்று அறிவித்தது. 2007ஆம் ஆண்டு முதல் தபால் கட்டணத்திற்கென்றே வாங்குவோர் தனி மதிப்பெண் வழங்கும் முறையையும், 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் தபால் தொகையின் மீதும் தன் கட்டணத்தைக் கணக்கிடும் முறையையும் கொண்டு வந்தது. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது நபிமொழி (அபூதாவூத், திர்மிதீ). தளத்தின் நிபந்தனையை ஏற்றுக் கையொப்பமிட்டவர் அதனை மறைமுகமாக மீறுவது வாக்கு மீறலன்றி வேறென்ன?

தவறான எண்ணமின்றியும் பிணக்கு எழுவதுண்டு. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து பிரிட்டனின் ராயல் மெயில், எடையுடன் அளவையும் தடிமனையும் கொண்டு கட்டணத்தை நிர்ணயித்தது. 25 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால், எடை குறைவாக இருந்தாலும் அது பெரிய கடிதம் என்ற வகையைக் கடந்துவிடும். கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொண்டு, உண்மையான எடையைவிட அது அதிகமாயின் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. 40, 30, 30 சென்டிமீட்டர் கொண்ட பெட்டியில் ஒரு கிலோ பஞ்சு பொம்மை இருந்தாலும் 7.2 கிலோவுக்கான கட்டணம் கேட்கப்படும். ஆகவே தொகை அதிகமாகத் தோன்றிய உடனேயே விற்றவரை மோசடிக்காரர் என்று எண்ணிவிடுவதும் கூடாது.

மூன்று நிலைகள்

வியாபாரம் இரு தரப்பாரின் மனப்பொருத்தத்தின் மீது அமைய வேண்டும் என்பது திருக்குர்ஆனின் கட்டளை (4:29). இந்த அடிப்படையில் தபால் கட்டணத்தை மூன்று நிலைகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ‘தபாலுக்கும் பொதி கட்டுவதற்கும் இவ்வளவு’ என்று ஒரு தொகையை ஏலத்திற்கு முன்பே தெளிவாக அறிவித்துவிடுவது. வாங்குபவர் அதனைப் படித்து ஏற்றே விலை கேட்கிறார். உண்மைச் செலவு குறைவாக இருப்பினும் மீதத்தைக் கேட்கும் உரிமை அவருக்கில்லை. ஏனெனில் அது மொத்தக் கிரயத்தின் ஒரு பகுதியாகிவிட்டது.

இரண்டாவது, ‘ஆகும் தபால் செலவை மட்டும் தந்தால் போதும்’ என்று கூறுவது. இங்கே விற்பவர், வாங்குபவருக்காகச் செலவு செய்யும் பிரதிநிதியாகிறார். அவர் கையில் உள்ள தொகை அமானிதம். நான்கு பவுண்டு பெற்று மூன்று பவுண்டு செலவானால், மீதி ஒரு பவுண்டு வாங்கியவருக்கே உரியது. கேட்கப்படாவிட்டாலும் திருப்பித் தர வேண்டும். பல பொருள்களை ஒரே பெட்டியில் அனுப்பிவிட்டு ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே ‘உண்மைச் செலவு’ என்று வாங்குவதும் கூடாது.

மூன்றாவது, கட்டணத்தைக் கூறாமல் விட்டு, ஏலம் முடிந்த பின் விருப்பம்போல் கேட்பது. அல்லது விளம்பரத்தின் அடியில் கண்ணில் படாத இடத்தில் எழுதி வைப்பது. மறைவும் மயக்கமும் உள்ள வியாபாரத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் (முஸ்லிம்). கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). அன்று குவியலின் அடியில் இருந்த ஈரத்திற்கும், இன்று விளம்பரத்தின் அடியில் ஒளிந்திருக்கும் கட்டணத்திற்கும் என்ன வேறுபாடு?

பார்சல் தொலைந்தால், பழுதுபட்டால்

விற்ற பொருள் வாங்குபவரின் கைக்குச் சேருமுன் அழிந்துவிட்டால் நஷ்டம் விற்றவரையே சேரும் என்பது ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் பொது விதியாகும். ஆகவே ‘நான் அனுப்பிவிட்டேன், என் பொறுப்பு தீர்ந்தது’ என்று விற்றவர் கூறிவிட முடியாது. வாங்குபவர் தாமே ஒரு கூரியரை ஏற்பாடு செய்து, அவரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தால் நிலை வேறு. அப்போது அந்தக் கூரியர் வாங்கியவரின் பிரதிநிதியாவார்.

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் ஏறத்தாழ இதையே கூறுகிறது. தொழில்முறை வியாபாரி விற்ற பொருள் நுகர்வோரின் கைக்குச் சேரும் வரை பொறுப்பு வியாபாரியுடையது. பழுதான பொருளைத் திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் அவரையே சாரும். மனம் மாறித் திருப்புவதாயின், 2013ஆம் ஆண்டு விதிகளின்படி பொருள் கிடைத்த 14 நாட்களுக்குள் தெரிவித்தால், விலையுடன் சாதாரண அனுப்புகைக் கட்டணத்தையும் வியாபாரி திருப்பித் தர வேண்டும். திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவரைச் சாரும் என்று முன்பே அறிவித்திருந்தால் அதை அவரே ஏற்க வேண்டும். வீட்டுப் பொருளை விற்கும் தனிநபர்களுக்கு இவ்விரு சட்டங்களின் இந்த விதிகள் பொருந்தா. எனினும், வருந்தி வந்தவரின் வியாபாரத்தை முறித்துக்கொள்ள இசைபவரின் பிழைகளை அல்லாஹ் மறுமையில் மன்னிக்கிறான் என்ற நற்செய்தி (அபூதாவூத், இப்னுமாஜா) எல்லோருக்கும் உரியதன்றோ!

வாங்குபவரின் கடமை

குற்றம் எப்போதும் விற்பவர் பக்கமே என்று எண்ணிவிடலாகாது. கட்டணத்தைப் படித்து ஏற்றுவிட்டு, பொருள் வந்தபின் குறை மதிப்பெண் இடுவேன் என்று அச்சுறுத்திப் பணத்தைப் பிடுங்குவது அநியாயம். 2008ஆம் ஆண்டு முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்குக் குறை மதிப்பெண் இட இயலாது. பதிலடி தர முடியாதவரிடம் நம் நீதி சோதிக்கப்படுகிறது. மதிப்பெண் என்பது ஒரு சாட்சியம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பும் நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யக் கூடாது என்பது இறைக்கட்டளை (5:8). பொருள் கிடைத்திருந்தும் கிடைக்கவில்லை என்று முறையிட்டுப் பணம் பெறுவது வெளிப்படையான பொய்யும் திருட்டுமாகும். சுங்க வரியைத் தவிர்க்க ‘அன்பளிப்பு’ என்று எழுதித் தரும்படி விற்பவரை வற்புறுத்துவதும் பொய்ச் சாட்சியத்தின் பாற்பட்டதே.

தாராளமே பரக்கத்

ஜாபிர் (ரலி) அவர்கள் பயணத்தின்போது தம் ஒட்டகத்தை நபி (ஸல்) அவர்களுக்கு விற்றார்கள். மதீனா சேரும் வரை அதில் தாமே ஏறிச் செல்வது என்று நிபந்தனையும் பேசிக்கொண்டார்கள். பொருளை எங்கே, எப்போது ஒப்படைப்பது என்பதை முன்கூட்டியே பேசி முடிக்கும் முறை இங்கே தெளிவாகிறது. மதீனா சேர்ந்ததும் நபி (ஸல்) அவர்கள் கிரயத்தையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவருக்கே வழங்கிவிட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). நிபந்தனையில் தெளிவும் கொடுப்பதில் தாராளமும் ஒரே வியாபாரத்தில் இணைந்திருப்பதைக் காண்கிறோம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். பொய் சொல்லி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பதும் நபிமொழியாகும் (புகாரீ, முஸ்லிம்).

தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வரும் ஒருவர், பிறர் பொருளை அநியாயமாக உண்டதால் தம் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையராய் நிற்பார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (முஸ்லிம்). ஊரும் முகமும் அறியாத ஒருவரிடம் அநியாயமாக வாங்கிய சில நாணயங்களுக்காக, வாழ்நாள் தொழுகையை ஈடாகக் கொடுக்கும் நிலை நமக்கு வர வேண்டுமா? அந்தப் பணத்தில்தானே நம் குழந்தைகளுக்கு உணவூட்டுகிறோம்!

எனவே விற்பவர் பொதி கட்டி எடை பார்த்த பின் கட்டணத்தை அறிவிக்கட்டும். வாங்குபவர் விலையையும் தபாலையும் கூட்டிப் பார்த்த பின்பே ஏலம் கேட்கட்டும். பிணக்கு எழுந்தால் மதிப்பெண்ணைத் தொடுமுன் ஒரு நல்ல வார்த்தை எழுதிக் கேட்கட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் சம்பாத்தியத்தையும் ஹலாலானதாக ஆக்கி, பிறர் உரிமை நம் கழுத்தில் இல்லாத நிலையில் அவனைச் சந்திக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.