பாதி பரம்பரை, பாதி வளர்ப்பா? சிறுவர் மனச்சிதைவின் காரணங்கள்

ஒக்டோபர் 10 ஆம் திகதி உலக மனநல தினம் நெருங்கும் வேளையில், கல்முனைக் கரையோர வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் பல வடிவங்களில் தலைகாட்டுகிறது: பிள்ளைக்கு வந்த மனச்சிதைவு வாப்பா வழிப் பரம்பரையா, உம்மாவின் வளர்ப்பா? ‘மரபணுவும் சூழலும் சேர்ந்தே காரணம்’ என்னும் துண்டுப்பிரசுர வாசகம் பிழையன்று. எனினும் எதையும் விளக்காமலே கடமையைக் கழித்துவிடுகிறது. ‘80 வீதம் மரபுவழி’ என்ற கணக்கும் அத்தகையதே. சனத்தொகைக்குள் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் மரபணுவின் பங்கை அது அளக்கிறதேயன்றி, ஒரு பிள்ளையின் நோயைப் பெற்றோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில்லை. ஒருகரு இரட்டையரில் ஒருவர் நோயுற்றால் மற்றவருக்கும் அது வருவது பாதி அல்லது அதற்கும் குறைந்த சோடிகளில்தான்.

இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதே ஆராயத்தக்கது. வளரும் மூளை, நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் சந்திகளைத் தேவைக்கு மிஞ்சி உருவாக்கிவிட்டு, பயன்படாதவற்றைப் பதின்ம வயது முடியும்வரை அகற்றிக்கொண்டே வருகிறது. ஆய்வாளர்களான ஸ்டீவ் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வு, 6 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள சி4 மரபணுவை இவ்வேலையோடு தொடர்புபடுத்தியது. கிருமிகளுக்கு அடையாளமிட்டு அவற்றை அழிக்கச் செய்யும் சி4 புரதம் நரம்புச் சந்திகளிலும் படிவதையும், அது இல்லாத எலிகளில் சந்திகள் குறைவாகவே அகற்றப்படுவதையும், சி4ஏ வடிவத்தை மிகுதியாக உண்டாக்கும் மரபணு அமைப்புடையோருக்கு மனச்சிதைவு ஆபத்துச் சிறிதளவு கூடுவதையும் அக்குழு காட்டியது. நோயை உண்டாக்கவென்றே ஒரு மரபணு இருப்பதில்லை, உடலைக் காக்கும் மரபணுவே அளவு மீறுகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். கர்ப்பகாலத் தொற்றும் கிருமிகளை அழிக்கும் இதே நோயெதிர்ப்புத் தொகுதியைத் தூண்டுவதால், சூழல் வெளியே தனியாக நிற்கும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தின் உச்சத்தில் கருவுற்ற பிள்ளைகளிடையே பிற்காலத்தில் இந்நோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டதும் கருப்பையையே சுட்டுகிறது.

13 வயதுக்கு முன் தொடங்கும் மிக அரிதான வகையை 1990 முதல் ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம், அப்பிள்ளைகளின் மூளையில் நரம்புக்கலங்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதி பதின்ம வயதில் வழமையைவிட விரைவாக, பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் குறைவதை ஸ்கேன் படங்களில் கண்டது. இது சந்தி அகற்றல் மிகையாதல் என்ற விளக்கத்தோடு ஒத்துப்போகிறது, ஆனால் நிரூபணமன்று. இந்நோயெனச் சந்தேகித்து அங்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்நோயே இருக்கவில்லை என்பதையும், குரல் கேட்பதாகச் சொல்லும் பிள்ளைக்கு அவசரமாகப் பெயர் சூட்டுவோர் கவனிக்க வேண்டும்.

இனி, வாசகர்களின் மற்றக் கேள்விகள். மச்சான் மச்சாள் கலியாணம் காரணமா? தலசீமியா போன்ற ஒற்றை மரபணு நோய்களில் ஆபத்துத் தெளிவு. பல நூறு மரபணு வேறுபாடுகள் சேரும் இந்நோயில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை.

சுனாமி போன்ற பேரதிர்ச்சி? சிறுவயதுத் துன்பம் ஆபத்தைக் கூட்டலாம். தனித்து நோயை உண்டாக்குவதாகக் காட்டப்படவில்லை.

கஞ்சா? பதின்ம வயதுப் பாவனை ஆபத்தைக் கூட்டுகிறது.

வளர்ப்பு? உம்மாவைக் குற்றஞ்சாட்டிய பழைய கொள்கை கைவிடப்பட்டு நெடுங்காலமாயிற்று.

ஜின் என்று ஓதிப்பார்க்கலாமா? ஓதலாம், அதற்காக வைத்தியரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

மரபணுப் பரிசோதனை? 22 ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இழப்பது போன்ற பெரிய மாற்றங்களை அது காட்டும். ஆனால் இன்ன பிள்ளைக்கு நோய் வரும் என்று கூறாது.

எங்கே கேட்பது? தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இல்.