ஊசிக்குப் பின் ஒரு நாள் சோர்வு

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் வீட்டையும் களத்தையும் காப்பவை நாய்கள். வெறிநோய்த் தடுப்பூசி இட்ட அன்று, ஓடித் திரிந்த நாய் சுருண்டு படுப்பதும், வைத்த சோற்றை முகர்ந்துவிட்டு விலகுவதும் உண்டு. அதனைக் கண்டு அஞ்சி, மறு ஆண்டு ஊசியைத் தவிர்ப்போரும் உளர்.

இச்சோர்வின் காரணத்தை அறிதல் வேண்டும். தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அது நோயைத் தராது. எனினும், உடல் அதனைப் பகையெனக் கொண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கத் தொடங்குகிறது. அம்முயற்சியின் அடையாளங்களே இளங்காய்ச்சலும் பசியின்மையும் ஊசியிட்ட இடத்தில் தோன்றும் சிறு வீக்கமும். அவை பெரும்பாலும் ஓரிரு நாள்களில் தாமே மறையும். நிழலும் நீரும் ஓய்வும் போதும். மனிதர்க்குரிய காய்ச்சல் மாத்திரைகளைத் தருதல் தீங்கு பயக்கும். அரிதாக, முகவீக்கம், தொடர் வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியன தோன்றினால் அது ஒவ்வாமை. காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.

ஊசியால் வரும் சோர்வு நீங்கிவிடும். வெறிநோயோ, அறிகுறி தோன்றியபின் ஏறத்தாழ எவ்வுயிரையும் விட்டுவைப்பதில்லை. 1885ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்திக் காத்தார் லூயி பாஸ்டர். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907ஆம் ஆண்டு தோன்றியது. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு 70 நாய்களுக்கேனும் ஊசி இட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே, ஒரு வீட்டார் தவிர்க்கும் ஊசி அவ்வீட்டு நாயை மட்டும் பொறுத்ததன்று. தெருவில் விளையாடும் குழந்தைகளையும் பொறுத்தது.