இணையப் பக்கங்களை ஆயத்தமாக வைத்தல்

உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறக்கப்படும் நாளிலும், பெரும்போக ஆரம்பக் கூட்டத் தீர்மானம் வெளிவரும் நாளிலும் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைத் தேடுகிறது. வயல் படுவான்கரையிலும் இருப்பிடம் வேறெங்கோவுமாக வாழும் குடும்பங்களுக்கு, கைத்தொலைபேசியில் திறக்கும் அந்தப் பக்கமே செய்தி. அன்றைக்குப் பார்த்துத்தான் அது திறக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் இயங்கும் தளங்களில் தலைப்பு, செய்தி, படவிபரம் யாவும் தரவுத்தளத்தில் தனித்தனியே கிடக்கின்றன. ஒருவர் கேட்டதும் கணனி அவற்றைச் சேர்த்துப் பக்கமாக்கிக் கொடுக்கிறது. அடுத்தவர் கேட்டால் மீண்டும் அதே வேலை. முகாம் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உலையேற்றுவது போன்றது இது. ஒருமுறை ஆக்கிய பக்கத்தைக் கோப்பாகச் சேமித்து எல்லோருக்கும் அதையே கொடுப்பதைக் 'கேஷிங்' என்பர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் புகுபதிகை செய்யாத வாசகர்களுக்குப் பெரும்பாலும் இவ்வாறு சேமித்த பக்கத்தையே வழங்குகிறது.

உங்கள் கமக்காரர் அமைப்பின் தளத்தைக் கவனிக்கும் பிள்ளைகள் இதை ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடலாம். 'டபிள்யூபி சூப்பர் கேஷ்' என்ற இலவசச் செருகியை நிறுவுங்கள். 'பெர்மாலிங்க்' அமைப்பு 'பிளெய்ன்' என்றிருந்தால் முதலில் மாற்றுங்கள். பின்னர் 'கேஷிங் ஆன்' என்பதைத் தெரிவுசெய்து சேமியுங்கள்.

ஆனால் ஆக்கிய சோறு ஊசிப்போகும். நீர் விநியோகத் திகதி பின்போடப்பட்ட பிறகும் பழைய பிரதியையே தளம் காட்டினால், அதை நம்பிக் கடன்பட்டு விதைத்தவரின் விதைநெல் மண்ணோடு போகும். ஆகவே, பதிவு மாறியதும் சேமித்த கோப்புகளை அழிக்கும் தெரிவை 'அட்வான்ஸ்ட்' பகுதியில் இயக்கிவிடுங்கள். மணிக்கொருமுறை மாறும் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தைச் சேமிப்பிலிருந்து விலக்கவும் அங்கே இடமுண்டு. இன்னொரு பொறி: புகுபதிகை செய்திருக்கும் பிள்ளைக்குப் புதிய பக்கமும் ஊராருக்குப் பழையதும் தெரியக்கூடும். வேறொரு தொலைபேசியில் திறந்து பார்ப்பதே சரியான சோதனை.

பெரிய தளங்களும் இதில் இடறியுள்ளன. 2009 யூன் 25இல் பாடகர் மைக்கல் ஜாக்சன் இறந்தபோது, அவரைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கம் திருத்தப்பட்டுக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு திருத்தத்தோடும் சேமித்த பிரதி செல்லாததாக, பல கணனிகள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் ஆக்கப்போய்த் திணறின. ஒன்று ஆக்கும்வரை மற்றவை காத்திருக்கும் ஏற்பாடு அதன் பின்னரே வந்தது.

ஒவ்வொரு அறிவித்தலிலும் திகதியையும் நேரத்தையும் செய்தியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். வாசிப்பவர்களும் முதலில் அதைப் பாருங்கள். பழையதாகத் தோன்றினால் பக்கத்தைப் புதுப்பியுங்கள். அப்போதும் மாறாவிட்டால், விதைக்கு முன் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.