தந்தை வழியும் தனயன் வழியும்

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்பது நம் நாட்டுப் பழமொழி. மகன் வென்று வரும் நாளில் அது வாழ்த்து. தோற்று வரும் நாளில் அதே சொல் அவன் முதுகில் விழும் சாட்டை. புகழ் பெற்ற தந்தைக்குப் பிறந்த பிள்ளை இவ்விரண்டையும் கேட்டே வளர்கிறான். தந்தையின் துறையிலேயே அவனும் கால் வைத்துவிட்டால், ஊரார் தந்தையை அளவுகோலாகக் கையில் பிடித்துக்கொண்டு அவனை நாள்தோறும் அளக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

பழனி மலைத்தொடரில் அமைந்த நம் ஊர்களிலும் இதனைக் காண்கிறோம். கொடைக்கானல் மலைச்சரிவுகளில் சமநிலம் கிடைப்பது அரிது. கால்பந்துக்கு வேண்டிய பெருந்திடலை ஒரு சிறு பள்ளி எங்கே தேடும்? கூடைப்பந்துக்கோ 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். சரிவை வெட்டிச் சமன்செய்து, இரு முனையிலும் கம்பம் நட்டு, 10 அடி உயரத்தில் வளையம் மாட்டிவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். மலையடிவாரத்துப் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதத்தில் நடத்திவரும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நம் வாசகர்களில் பலர் கண்டிருப்பீர்கள். இராணுவ அணி, கடற்படை அணி, வங்கி அணிகள் என்று நாட்டின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அங்கே வந்து ஆடுகின்றனர்.

இத்தகைய ஆட்டங்களைச் சுற்றி நின்று பார்க்கும்போது, "இவன் அப்பன் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும்" என்றொரு குரல் எப்படியும் எழும். சொல்பவர் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆனால் அச்சொல்லைக் கேட்டுக் கேட்டே பந்தைக் கீழே வைத்துவிட்ட வாலிபர்கள் உண்டு. அவர்களை நினைத்தே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் இறையியல் பயின்றவர். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகப் பழக்கூடைகளை உயரே மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். உடலோடு உள்ளமும் பண்பட வேண்டும் என்பதே அவர் கருத்து. அந்தக் கருத்து நம் வீடுகளில் நிறைவேறுகிறதா என்பதே நம் கேள்வி.

மூன்று தலைமுறைக் குடும்பம்

விளையாட்டில் தந்தை வழி நடந்த மகன் யார் என்று கேட்டால், தமிழகத்தில் முதலில் நினைவுக்கு வருவது டென்னிஸ் ஆடிய ஒரு குடும்பம். டி. கே. ராமநாதன் தாமும் ஆட்டக்காரர். தம் மகன் கிருஷ்ணனுக்குத் தாமே ஆசிரியராய் இருந்தார். 1937-இல் நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன், பள்ளி மாணவராய் இருந்தபோதே, கல்லூரி மாணவர்களுக்கென நடந்த பெர்ட்ரம் போட்டியில் ஆடுவதற்குச் சென்னை லயோலா கல்லூரி முதல்வரிடம் தனி அனுமதி பெற்றார். 1951-இல் அப்போட்டியில் வெற்றியும் பெற்றார். நம் இயேசு சபைக் குருக்களின் கல்லூரி ஒரு சிறுவனுக்குத் திறந்துவிட்ட கதவு அது.

1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதனை வென்ற முதல்வர் அவரே. 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். பெரும் பணம் தரும் தொழில்முறை ஆட்டத்திற்கு அழைப்பு வந்தபோது மறுத்துவிட்டார். அக்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர் டேவிஸ் கோப்பையில் நாட்டுக்காக ஆட இயலாது. அவரோ 1966-இல் இந்தியாவை அக்கோப்பையின் இறுதிப் போட்டி வரை கொண்டு சேர்த்தவர்களுள் ஒருவரானார்.

அவர் இரண்டாம் முறை அரையிறுதிக்குச் சென்ற அதே 1961-இல், ஜூன் மாதம், ரமேஷ் பிறந்தார். பிறக்கும்போதே பெயர் காத்திருந்தது, ஒப்பிடுவோரும் காத்திருந்தனர். தந்தை வென்ற அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், ரமேஷும் வென்றார். "புலிக்குப் பிறந்தது" என்று நாடே மகிழ்ந்தது.

அதன் பின்னரே உண்மையான சோதனை தொடங்கியது. ரமேஷ் ஆடிய காலம் வேறு. தந்தையின் காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு விம்பிள்டனில் இடமில்லை. 1968-இல்தான் கதவு எல்லாருக்கும் திறந்தது. மட்டைகள் மாறின, பந்தின் வேகம் மிகுந்தது. ரமேஷின் தொடக்க அடியோ மென்மையானது. வலிமையால் வெல்லும் காலத்தில் கைந்நயத்தால் ஆடிய கலைஞர் அவர். 1981-இலும் 1987-இலும் அமெரிக்கப் போட்டியிலும், 1986-இல் விம்பிள்டனிலும் கால் இறுதி வரை சென்றார். 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடம் பெற்றார். தொழில்முறைப் போட்டிகளில் ஒற்றையர் பட்டங்கள் எட்டு வென்றார். 1989-இல் ஆஸ்திரேலியப் போட்டியில், உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார்.

தந்தையின் அளவுகோலை எடுப்பவர்கள், "அப்பா இரு முறை அரையிறுதி, மகன் ஒரு முறைகூட இல்லை" என்பர். கணக்குச் சரிதான். ஆயினும் 1987-ஐ நினைத்துப் பாருங்கள். சிட்னி நகரில் ஆஸ்திரேலியாவோடு டேவிஸ் கோப்பை அரையிறுதி. இரு நாடுகளும் இரண்டுக்கு இரண்டு என்று சமமாய் நின்றபோது, ஐந்தாம் ஆட்டத்தில் வாலி மேசரை வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றவர் ரமேஷ். தந்தை சென்ற இடத்திற்கு 21 ஆண்டுகள் கழித்து மகனும் சென்றார். இருவருக்கும் கோப்பை கிட்டவில்லை என்பதும் உண்மை. தந்தைக்கு 1962-இலும் மகனுக்கு 1998-இலும் பத்மஸ்ரீ விருது வழங்கி நாடு இருவரையும் போற்றியது. 1999-இல் இருவரும் இணைந்து தம் குடும்பத்தின் கதையை நூலாகவும் வெளியிட்டனர். மகனுக்குத் தந்தை பகையாகவோ பாரமாகவோ ஆகிவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

வேறு பந்து, வேறு பாதை

ரமேஷ் 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் இரட்டையர் ஆட்டம் ஆடியபோது உடன் ஆடியவர் லியாண்டர் பயஸ். அவருடைய தந்தை டாக்டர் வேஸ் பயஸ் கோவாவில் பிறந்தவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடியவர். தாயார் ஜெனிஃபர் இந்தியக் கூடைப்பந்து மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். இத்தகைய இல்லத்தில் பிறந்த மகன் கையில் ஹாக்கி மட்டையோ கூடைப்பந்தோ திணிக்கப்பட்டிருந்தால் வியப்பதற்கில்லை. மகன் தேர்ந்துகொண்டதோ டென்னிஸ். 12 வயதுச் சிறுவனைக் கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு, அமிர்தராஜ் சகோதரர்களின் பயிற்சிப் பள்ளிக்கு, அவர்கள் அனுப்பிவைத்தனர்.

1990-இல் லியாண்டர் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்றார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர் வெண்கலம் வென்றார். தந்தை வெண்கலம் பெற்று 24 ஆண்டுகள் கழித்து, வேறோர் ஆட்டத்தில், மகனுக்கும் அதே பதக்கம்! தந்தையின் ஆட்டத்தை மகன் ஆடவில்லை. தந்தையின் உழைப்பையே அவர் ஆடினார். 2025 ஆகஸ்டில் டாக்டர் பயஸ் மறைந்தபோது, தம்மைப் போலவே ஒலிம்பிக் பதக்கம் பெற்ற மகனை இவ்வுலகில் விட்டுச் சென்றார்.

புகழின் மறுபக்கம்

எல்லாக் கதையும் இப்படி இனிதாய் அமைவதில்லை. கூடைப்பந்தில் தந்தை வழி நடந்தவர்களுள் உலகம் நன்கறிந்தவர் அமெரிக்கரான கோபி பிரையன்ட். கத்தோலிக்கராய் வளர்ந்தவர். தந்தை ஜோ பிரையன்ட் அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பில் எட்டுப் பருவங்கள் ஆடிவிட்டு, பின்னர் இத்தாலிக்குச் சென்று ஆடினார். தந்தையோடு சென்ற சிறுவன் அங்கே பந்தோடு வளர்ந்தான். 1996-இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்த கோபி, 20 பருவங்கள் ஒரே அணிக்கு ஆடி ஐந்து முறை வாகை சூடினார். மகன் தந்தையைப் பலமடங்கு விஞ்சினார்.

ஆனால் வளையத்தில் பந்தைப் போடுவது எளிது. வாழ்வைச் சரியாய் நடத்துவது கடினம். 2001-இல் கோபியின் திருமணத்திற்குப் பெற்றோர் வரவில்லை. 2003-இல் இளம்பெண் ஒருவர் தொடுத்த கடுமையான பாலியல் குற்றச்சாட்டுக்கு அவர் ஆளானார். வழக்கு 2004-இல் கைவிடப்பட்டது; அவர் அப்பெண்ணிடம் வெளிப்படையாய் மன்னிப்புக் கேட்டார். அந்த இருண்ட நாட்களில் ஒரு கத்தோலிக்கக் குருவிடம் பேசியது தமக்குத் துணையாயிற்று என்று பின்னாளில் கூறினார். 2013-இல் தம் பழைய விளையாட்டு நினைவுப் பொருள்கள் ஏலத்திற்கு வந்ததைக் குறித்துத் தாயோடும் வழக்கு எழுந்தது. புகழும் செல்வமும் ஒரு வீட்டிற்குள் நுழைந்தால் அங்கே அன்பும் தானாக வந்து அமர்ந்துவிடும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

2020 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆலயத்திற்குச் சென்று செபித்துவிட்டு, கூடைப்பந்து ஆடச் சென்ற 13 வயது மகள் ஜியானாவோடு கோபி புறப்பட்டார். மகளின் அணிக்கு அவரே பயிற்சியாளர். ஹெலிகாப்டர் மலைச்சரிவில் மோதி, அதிலிருந்த ஒன்பது பேரும் இறந்தனர். தந்தை ஜோ பிரையன்ட் மகனுக்குப் பின்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2024-இல் மறைந்தார். மகனைப் புதைத்த தந்தைக்கு அவன் வாங்கிய கோப்பைகள் என்ன ஆறுதல் தந்திருக்கும்!

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்த பெற்றோரே, "எங்கள் வீட்டில் புகழ் பெற்றவர் எவருமில்லையே" என்று நீங்கள் கூறலாம். பஞ்சாபில் ஒரு சிற்றூர் உழவர், மிக உயரமானவர், கூடைப்பந்து ஆட ஆசைப்பட்டும் குடும்பத் தொழில் அவரை விடவில்லை. அவருடைய மகன் சத்னாம் சிங் 2015-இல் அமெரிக்கத் தொழில்முறை அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்தவருக்கு அது முதல் முறை. தமக்குக் கிட்டாததை மகனுக்குக் கிட்டச் செய்தவரும் பெரிய தந்தையே. பூம்பாறையில் பூண்டு பயிரிடுபவரும், தாண்டிக்குடியில் காப்பித் தோட்டத்தில் உழைப்பவரும் அப்படிப்பட்ட தந்தை ஆகலாம்.

ஆயினும் இங்கே ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. நிறைவேறாத நம் ஆசையைப் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயரிடுகிறோம். நாசரேத்துத் திருக்குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். புனித சூசையப்பர் தம் தொழிலைத் திருமகனுக்குக் கற்றுத் தந்தார். ஆனால் 12 வயதில் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட மகன், தாம் வேறொரு தந்தையின் அலுவலுக்கென வந்தவர் என்பதை உணர்த்தியபோது, சூசையப்பர் எதிர்வாதம் ஏதும் செய்ததாக நற்செய்தியில் இல்லை. பின்னாளில் அவ்வூராரே, "தச்சன் மகன்தானே" என்று இயேசுவை இகழ்ந்தனர். தந்தையின் பெயரை அளவுகோலாக்குவோர் அக்காலத்திலும் இருந்தனர். எதிரே நின்றவரை அவர்களால் காண இயலவில்லை.

எனவே சிலவற்றைக் கூற விரும்புகிறோம். பிள்ளை ஆடும்போது முடிந்தால் சென்று அமருங்கள். கரையில் நின்று கத்த வேண்டாம். தோற்று வரும் நாளில், "நான் அந்தக் காலத்தில்" என்று தொடங்காமல், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். விளையாட்டால் இரயில்வேயிலும் வங்கியிலும் வேலை பெற்றவர்கள் உண்டு. ஆனால் அவ்விடங்கள் சிலவே. ஆகையால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஞாயிறு காலைப் பந்தயம் இருந்தால், திருப்பலியை விட்டுவிடுவதற்கு அதனைக் காரணமாக்காமல், சனி மாலையில் குடும்பமாக வாருங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மகன் உங்கள் வழியைவிட்டு வேறு வழியைத் தேர்ந்தால், அவ்வழி நேரியதாயின், ஆசி கூறி அனுப்புங்கள். அது வேறோர் ஆட்டமாக இருக்கலாம். வேறொரு தொழிலாக இருக்கலாம். இறைவனின் பீடப்பணியாகவும் இருக்கலாம்.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு சொல். தந்தையின் பெயர் நீங்கள் சம்பாதித்ததன்று. அதற்காகச் செருக்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. தந்தையைவிடக் குறைவாக வென்றவனும் நல்ல மகனாக இருக்கலாம் என்பதை ரமேஷ் கிருஷ்ணனிடம் கற்றுக்கொள்ளுங்கள். கீழே வைத்துவிட்ட பந்து இன்னும் வீட்டு மூலையில்தான் கிடக்கிறது. எடுத்து ஆடுங்கள். நம் எல்லாருக்கும் ஒரே தந்தையாகிய இறைவன், உங்களை எவரோடும் ஒப்பிடாமல் பெயர் சொல்லி அழைத்து, உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!