பெயிண்டுக்கு அடியில் பாருங்கள்: பழைய பில்லர் டிரில் வாங்கும் முறை

எளாவூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை போடுகிறவருக்கு வெல்டிங் செட்டும் கட்டிங் மெஷினும் வந்த கையோடு அடுத்துத் தேவைப்படுவது, தரையில் நிற்கும் பில்லர் டிரில். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டி. இரண்டு பக்கத்திலிருந்தும் ஷெட் தூணுக்கு பேஸ் பிளேட், கன்வேயருக்கு பிராக்கெட், மெஷின் ஸ்டாண்டு என்று ஓட்டை போடும் வேலை வந்துகொண்டே இருக்கும். அதைக் கை டிரில்லில் சமாளிக்க முடியாது. புதிய மெஷின் வாங்கக் கையில் பணம் இல்லாதவர் பழையதைத் தேடுவார். தேடுவதில் தவறில்லை, பில்லர் டிரில் சுலபத்தில் சாகிற மெஷின் அல்ல.

பழைய மெஷின் என்றால் குறை இருக்கத்தான் செய்யும். அந்தக் குறை மாற்றக்கூடிய பாகத்தில் இருக்கிறதா, மாற்ற முடியாத பாகத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மோட்டார், பெல்ட், பேரிங், சக் எல்லாம் கடையில் கிடைக்கும். வார்ப்பு, தூண், ஸ்பிண்டிலின் உள்வாய் ஆகியவை கிடைக்காது. முன்னதில் குறை இருந்தால் விலையைக் குறையுங்கள். பின்னதில் இருந்தால் வண்டியைத் திருப்புங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்குக்காகத்தான்.

1. மெஷினுக்கு முன் வேலையை அளவெடுங்கள்

நீங்கள் போடப்போகும் மிகப் பெரிய ஓட்டை எது? ஷெட் வேலையில் 16 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. ஓட்டை, 20 போல்ட்டுக்கு 22, 24 போல்ட்டுக்கு 26. மோர்ஸ் டேப்பர் 2 கொண்ட டிரில் பிட்கள் வழக்கமாக 23 மி.மீ.யோடு நின்றுவிடும். 26 மி.மீ. வேண்டுமானால் ஸ்பிண்டிலில் மோர்ஸ் டேப்பர் 3 இருக்க வேண்டும். கடைக்காரர் “ஒரு இஞ்ச் டிரில் சார்” என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் சொல்வது வார்ப்பிரும்புக்கா எஃகுக்கா என்று கேளுங்கள். ஒரே மெஷின் வார்ப்பிரும்பில் போடும் அளவுக்கு எஃகில் போடாது.

அடுத்தது வேகம். ஹைஸ்பீடு டிரில் சாதாரண இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் வெட்டு வேகத்தில் ஓடலாம். அந்தக் கணக்கில் 6 மி.மீ. பிட் 1,300 சுற்றும், 26 மி.மீ. பிட் 300 சுற்றும் ஓட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இதில் ஏறக்குறைய பாதி. ஆகவே மேல் வேகத்தைவிடக் கீழ் வேகம்தான் முக்கியம். குறைந்த வேகமே 450 என்று இருக்கும் மெஷினில் பெரிய பிட்டை மாட்டினால் ஓட்டை விழுவதற்கு முன் பிட்டின் முனை கருகிவிடும்.

மூன்றாவது எட்டம். ஸ்பிண்டில் மையத்திலிருந்து தூண் வரை 250 மி.மீ. இருந்தால், 500 மி.மீ. அகலப் பிளேட்டின் நடுவில் ஓட்டை போடலாம். இந்த மூன்று எண்களையும் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு தேடக் கிளம்புங்கள்.

2. எங்கே தேடுவது

முதல் இடம், மூடப்படுகிற அல்லது மெஷினை மாற்றுகிற பட்டறை. கும்மிடிப்பூண்டியிலும் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் விசாரித்தால் தகவல் கிடைக்கும். லேத்காரர், மோட்டார் காயில் கட்டுபவர், டூல்ஸ் கடைக்காரர் ஆகிய மூவரிடமும் சொல்லி வையுங்கள். எந்த ஷெட் காலியாகிறது என்பது அவர்கள் காதுக்குத்தான் முதலில் எட்டும். இப்படி வாங்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே, அதை ஓட்டியவரின் முன்னிலையிலேயே பார்க்கலாம். அவரிடம் “இதில் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேளுங்கள். “கோளாறு ஏதாவது உண்டா?” என்ற கேள்விக்குக் கிடைக்காத பதில் இதற்குக் கிடைக்கும்.

இரண்டாவது, பழைய மெஷின் வியாபாரி. தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். பெயிண்டும் நிறைய இருக்கும். மூன்றாவது, ஏலம். மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் பொதுத்துறை ஆலைகளின் கழித்த சாமான்களை மின்னேலத்தில் விற்கிறது. அங்கே ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்’ என்பதுதான் விதி. பார்வையிட ஒதுக்கிய நாளில் நேரில் போய்ப் பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

3. கண்ணும் சுத்தியலும்

பையில் டார்ச், சின்னச் சுத்தியல், துணி, டயல் கேஜ், காந்த ஸ்டாண்டு, டிரிஃப்ட், சொந்தமாகப் புது 12 மி.மீ. பிட், 10 மி.மீ. கனமுள்ள ஒரு துண்டு பிளேட் இருக்கட்டும்.

போனவுடன் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டும். பிறகு வார்ப்புகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேபிள் கை தூணைக் கவ்வும் இடமும், அடித்தட்டில் தூண் பொருந்தும் கழுத்தும் விரிசல் விடும் இடங்கள். லேசாகத் தட்டினால் நல்ல வார்ப்பு கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். புதுப் பச்சை பெயிண்டுக்கு அடியில் மேடு தட்டுப்பட்டால் அது பிரேசிங்கோ வெல்டிங்கோ செய்த இடம். வார்ப்பிரும்பை ஒட்டவைத்தால் நிற்கும், ஆனால் நம்பி பாரம் ஏற்ற முடியாது.

டேபிளில் தவறி விழுந்த ஓட்டைகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. நடுப்பகுதி சல்லடையாக இருந்தால் அந்த மெஷினைப் பழகாத கைகள் ஓட்டியிருக்கின்றன. தூணில் மேல்துரு துணிக்கும் எண்ணெய்க்கும் போய்விடும். நகம் மாட்டும் அளவுக்குக் குழிந்த துரு போகாது. கிழக்கே பழவேற்காடு ஏரி இருக்கும் இந்தப் பக்கத்தில், திறந்த கொட்டகையில் கிடந்த மெஷினுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

4. ஸ்பிண்டில்: நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய இடம்

சக்கை டிரிஃப்ட் வைத்துத் தட்டிக் கழற்றுங்கள். ஸ்பிண்டிலின் உள்வாயைத் துணியால் துடைத்து டார்ச் அடியுங்கள். டிரில் பிட் பிடி தளர்ந்து உள்ளே சுழன்றிருந்தால் வளையமாகக் கீறல் தெரியும். லேசான கீறலை ரீமர் விட்டுச் சரிசெய்யலாம். ஆழமானது என்றால் வேண்டாம்.

இப்போது டயல் கேஜின் தொடுமுனையை உள்வாயில் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஃபேப்ரிகேஷன் வேலைக்கு முள்ளின் மொத்த ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிறகு சக்கை மாட்டி, அதில் நேரான கம்பியைப் பிடித்து மறுபடி பாருங்கள். உள்வாய் சரியாக இருந்து கம்பி மட்டும் ஆடினால் பழி சக்கின் மேல், சக் மாற்றக்கூடியது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் யார் மேல் பழி என்றே தெரியாது.

அடுத்து, ஸ்பிண்டிலை முழுதாகக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவு ‘லொடலொட’ என்றால் ஸ்பிண்டிலைத் தாங்கும் ஸ்லீவும் தலைப்பகுதியின் துவாரமும் தேய்ந்திருக்கின்றன. அதைச் சரிசெய்ய போரிங், புது ஸ்லீவ் என்று செலவு மெஷின் விலையைத் தொடும். கைப்பிடியை விட்டால் ஸ்பிண்டில் தானாக மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸ்பிரிங் போயிருக்கிறது, சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஸ்பிரிங் டப்பாவை அங்கே நின்று திறக்காதீர்கள். உள்ளே முறுக்கி வைத்த ஸ்பிரிங் கையைக் கிழித்துவிடும்.

5. டேபிள் ஸ்பிண்டிலுக்குச் செங்கோணத்தில் நிற்கிறதா

வளைந்த கம்பியைச் சக்கில் பிடித்து, அதன் நுனியில் டயல் கேஜைக் கட்டி, டேபிளின் மேல் ஒரு முழு வட்டம் சுற்றுங்கள். இடது வலது வித்தியாசம் வந்தால் கவலை இல்லை. சாயும் டேபிள்களில் போல்ட்டைத் தளர்த்தித் திருத்திவிடலாம். முன்பக்கமும் பின்பக்கமும் வேறுபட்டால் கைப்பகுதி தொங்கிவிட்டது அல்லது கவ்வும் இடம் தேய்ந்துவிட்டது. அதைத் திருத்தும் திருகு எதுவும் மெஷினில் இல்லை. டேபிளை இறுக்கிய நிலையில்தான் இந்த அளவை எடுக்க வேண்டும்.

6. ஓடவிட்டு ஓட்டை போடுங்கள்

“இப்போ கரண்ட் இல்லை, வீட்டுக்குப் போய் ஓட்டிப் பாருங்க” என்றால் கரண்ட் வந்தபிறகு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஓடினால், எல்லா வேகத்திலும் ஓட்டிக் கேளுங்கள். ஒரே சீரான உறுமல் சரி. கரகரப்பு என்றால் பேரிங். பேரிங் மாற்றலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புது பிட்டை மாட்டி, உங்கள் பிளேட்டை வைஸில் இறுக்கி ஓட்டை போடுங்கள். விற்பவரின் பிட் வேண்டாம். முனை சரியாகத் தீட்டாத பிட் நல்ல மெஷினிலும் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். இரண்டு வெட்டு முனையிலிருந்தும் சுருள் வர வேண்டும். பெல்ட் வழுக்கக் கூடாது. வெர்னியரில் ஓட்டையை அளந்தால் பிட்டை விடச் சற்றே பெரிதாக இருக்கலாம். அரை மில்லி பெரிது என்றால் நாலாவது படிக்குத் திரும்புங்கள்.

மோட்டாரின் பெயர்ப்பலகையையும் படியுங்கள். இந்த ரக மெஷினில் பெரும்பாலும் 415 வோல்ட் மூன்று பேஸ் மோட்டார்தான் இருக்கும். பட்டறையில் ஒரு பேஸ் மட்டும் இருந்தால், வி.எஃப்.டி. வைத்து ஓட்டலாம். அதற்கு ஸ்டாரில் கட்டிய மோட்டாரை டெல்டாவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். முனைகள் வெளியே வந்திருக்கின்றனவா என்று காயில் கட்டுபவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

7. விலையும் காகிதமும்

மெஷினின் எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே யாரும் தரமாட்டார்கள், அதுதான் அடிமட்டம். புதியதன் விலை மேல்மட்டம். இடையில் நீங்கள் குறித்த பேரிங், சக், பெல்ட், பெல்ட் மூடி, வண்டி வாடகை எல்லாவற்றையும் ஒன்றொன்றாகச் சொல்லிக் கழியுங்கள். பொதுவாக “குறைச்சுக்குங்க” என்பதைவிடச் சீட்டில் எழுதிய கணக்குக்கு மரியாதை அதிகம்.

பில் வாங்குங்கள். எளாவூர்க்காரருக்கு இதில் ஒரு தனி விஷயம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் அம்பத்தூரிலிருந்து ஏற்றினால் 1 லட்சம் ரூபாய்க்கு மேல்தான் இ-வே பில் தேவை. சில கிலோமீட்டர் தள்ளித் தடாவில் ஏற்றினால் அது மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாயைத் தாண்டினாலே தேவை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் எல்லையில் வணிகவரிச் சோதனை எடுக்கப்பட்டுவிட்டது என்பதை நம்பிக் காகிதம் இல்லாமல் வராதீர்கள். வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம்.

8. ஏற்றி, இறக்கி, நிறுத்துதல்

25 மி.மீ. ரகம் 200 முதல் 400 கிலோ வரை இருக்கும். ‘சின்ன யானை’ வண்டி போதும். ஆனால் பாரமெல்லாம் தலையில். நிற்கவைத்துக் கொண்டுவந்தால் முதல் திருப்பத்திலேயே சாயும். டேபிளைக் கீழே இறக்கி இறுக்கி, செயின் பிளாக்கில் பெல்ட் போட்டுத் தலைக்கு அடியில் தூணோடு சேர்த்துத் தூக்கி, மரக்கட்டை மேல் படுக்கவையுங்கள். ஸ்பிண்டிலிலோ மோட்டாரிலோ கயிறு மாட்டக் கூடாது.

பட்டறையில் ரசமட்டம் வைத்துச் சமன்செய்து, நான்கு ஆங்கர் போல்ட்டில் தரையோடு இறுக்குங்கள். எர்த் கட்டாயம். ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டு பேஸை மாற்றிக் கொடுங்கள். பெல்ட் மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். டிரில்லில் கையுறை போட்டு நிற்க யாரையும் விடாதீர்கள். சுற்றும் பிட் கையுறையின் நூலைப் பிடித்தால் விரலோடு இழுக்கும்.

நல்ல மெஷின் உடனே கிடைக்காமலும் போகலாம். அதுவரை பெரிய ஓட்டைகளைக் கும்மிடிப்பூண்டியில் ஜாப் வொர்க்குக்குக் கொடுங்கள், அல்லது காந்த டிரில்லை வாடகைக்கு எடுங்கள். அந்தக் கூலி சில மாதங்களில் நின்றுவிடும். தேய்ந்த தலையுள்ள மெஷினை அவசரத்தில் வாங்கினால், அது போடும் ஒவ்வொரு பேஸ் பிளேட்டிலும் அந்தச் செலவு தொடரும்.