கேள்வியே மருந்து

பயணம் ஒன்றில் நபித்தோழர் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ளத் தமக்கு அனுமதி உண்டா என்று உடனிருந்தோரை வினவினார். தண்ணீர் கிடைக்கும்போது அனுமதி இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டும், அறியாமைக்குக் கேள்வியே மருந்து என்பது அக்கண்டனத்தின் சாரம். ஜாபிர் (ரழி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது.

தயம்மும் பாடத்தில் இதை ஆண்டுதோறும் மாணவர்க்கு நடத்துகிறோம். ஆனால் மருந்து இல்லாமையால் அன்றி, சரியான விளக்கம் இல்லாமையால் ஓர் உயிர் போயிற்று என்ற கோணத்தில் இதை எண்ணிப் பார்ப்பது அரிது.

எழுத்தறிவும் பொருளறிவும்

உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிப் பெறுதல், புரிந்துகொள்ளுதல், அது சரியா என எடைபோடுதல், அதன்படி முடிவெடுத்தல் ஆகிய திறன்களை 'உடல்நல எழுத்தறிவு' என்பர். 1974இல் ஸ்காட் சைமண்ட்ஸ் என்ற அமெரிக்கர் இக்கருத்தை எழுத்தில் முன்வைத்தார். டான் நட்பீம் 2000இல் இதை மூன்று படிகளாகப் பிரித்தார்: மருந்துச் சீட்டைப் படித்துப் பின்பற்றுவது முதற்படி, மருத்துவரிடம் கேட்டு விளங்கிக்கொள்வது இரண்டாம் படி, கேட்டதை ஆராய்ந்து ஏற்பதும் தள்ளுவதும் மூன்றாம் படி.

பள்ளிப் படிப்பு இருந்தால் இத்திறன் தானே வந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவில் 2003இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களுள் 12 விழுக்காட்டினரே இதில் முழுத் தேர்ச்சி பெற்றிருந்தனர். 2006இல் அங்கேயே 395 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரண்டு மாத்திரைகளை நாளைக்கு இருமுறை உண்ணுமாறு கூறும் குறிப்பை, வாசிப்புத் திறன் குறைந்தவர்களுள் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை எண்ணி எடுத்துக் காட்டச் சொன்னபோது 35 விழுக்காட்டினரே சரியாகக் காட்டினர். அரபி கற்பிப்போர்க்கு இது வியப்பளிக்காது. தஜ்வீத் பிழையின்றி ஓதுவோர் அனைவரும் ஓதியதன் பொருளை அறிந்தவர்கள் அல்லரே!

எவை தடுக்கின்றன?

முதலாவது மொழி. மாத்திரை அட்டையில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். மருந்தின் பெயரைப் படிக்கும்படி எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகம் 2016இல் விதியைத் திருத்தியதே, அதுவரை நோயாளி பட்ட பாட்டுக்குச் சான்று. இரண்டாவது முதுமை. கண்ணும் காதும் மங்கி, நினைவு தளரும் வயதில்தான் மாத்திரைகளின் எண்ணிக்கை கூடுகிறது. மூன்றாவது கல்வி. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலோ 74தான். பெண்களிடையே இது இன்னும் குறைவு. நம் வீட்டுப் பெண்கள் மருத்துவரைக் காணச் செல்லும்போது, உடன் செல்லும் ஆணே நோயைச் சொல்லி விளக்கத்தையும் பெற்றுவருகிறார். மருந்தை உண்பவருக்கு அதில் பாதியே வந்து சேர்கிறது. இவை எல்லாவற்றினும் பெரிய தடை கேட்பதற்குக் கூசும் தயக்கம்.

நோன்பும் மாத்திரையும்

கீழ்பென்னாத்தூரில் ஒரு ரமலானில் கண்டதைச் சொல்கிறேன். நாளிதழை வரி விடாமல் படிப்பவர், குர்ஆனை அழகுற ஓதுபவர், நீரிழிவு உள்ளவர், அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். காலையில் உண்ணவேண்டிய மாத்திரையைத் தாமாகவே ஸஹருக்கு மாற்றிக்கொண்டார். அஸர் வேளையில் வியர்த்து நடுங்கிப் பள்ளிவாசல் தூணில் சாய்ந்துவிட்டார். நோன்பை முறிக்கவும் மனமில்லை. வற்புறுத்திச் சர்க்கரை நீர் பருகச் செய்தோம். முன்பே கேட்டிருக்கலாமே என்றேன். "டாக்டரிடம் நோன்பைப் பற்றி எப்படிக் கேட்பது? ஹஜ்ரத்திடம் மாத்திரையைப் பற்றி எப்படிக் கேட்பது?" என்றார்.

அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. நோயாளிக்குச் சலுகை உண்டு என்று எத்தனையோ பயான்களில் சொல்லியிருக்கிறேன். யார் நோயாளி, எந்த அறிகுறி கண்டால் நோன்பை விடவேண்டும் என்று ஒருமுறையும் சொன்னதில்லை.

2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளோரை 10 கோடிக்கு மேல் எனக் கணித்தது. ஆகவே இது ஒருவரின் சிக்கல் அன்று. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். விரலில் குத்திச் சோதித்தால் நோன்பு முறியும் என்று அஞ்சிப் பலர் சோதிப்பதே இல்லை. சோதனைக்காக இரத்தம் எடுப்பதும், ஊட்டச்சத்துக்காக அல்லாத ஊசியும் நோன்பை முறிக்கா என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இலேயே ஜித்தாவில் தீர்மானித்துவிட்டது. அத்தீர்மானம் நம் மஹல்லாவின் முதியவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால் குறை யாரிடம்?

வதந்தி விரைவாக வந்து சேர்ந்துவிடுகிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்திகளை நம்பிப் பெற்றோர் பலர் மறுத்தனர். படித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். நட்பீம் சொல்லும் மூன்றாம் படியில் நாம் இடறிய இடம் அது.

செய்யக்கூடியவை

ஷஅபான் மாதத்திலேயே மருத்துவர் ஒருவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து, ஆலிமும் அவரும் ஒரே அவையில் அமர்ந்து கேள்விகளுக்கு விடையளிக்கலாம். பெண்களுக்குத் தனி அமர்வு வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வரும்போது மருந்தைப் பெறுவதோடு விளக்கத்தையும் கேட்டுப் பெறவேண்டும். விளக்கம் சொல்பவருக்கும் கடமை உண்டு. "புரிந்ததா?" என்றால் எவரும் "ஆம்" என்றே தலையசைப்பர். "வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிச் சொல்லவைப்பதே நல்ல முறை. மத்ரஸாவில் பாடம் கேட்கும் வழக்கமும் இதுதானே!

காயம்பட்ட அத்தோழர் கேட்கத்தான் செய்தார். விடை சொன்னவர்கள்தாம் கேட்டறியவில்லை. மிம்பரில் நிற்கும் நாங்கள் முதலில் கற்கவேண்டிய பாடம் அதுவே. அறியாததைத் தயங்காது கேட்கும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!