அம்மா பெயரில் ஒரு பாப் ஆல்பம்!

பண்ருட்டித் திருவிழாவில் மேளம் கேட்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள் அல்லவா? அப்படியொரு முழக்கம் அமெரிக்காவையும் எட்டியது!

எட்ட வைத்தவர் மாதங்கி என்ற மாயா. தாமே பாட்டுக் கட்டிப் பாடுபவர். மேடைப் பெயர் எம்.ஐ.ஏ. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1986-ல் போருக்குத் தப்பி லண்டன் போனார். தாயார் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

2005-ல் வந்த முதல் ஆல்பம் "அருளர்". அது தந்தையின் இயக்கப் பெயர். அதில் பெரும்பாலும் மிஷின் தாளம்தான்.

அடுத்ததை அமெரிக்காவில் பதிவு செய்ய எண்ணினார். விசா கிடைக்கவில்லை. சும்மா இருப்பாரா? பல நாடு சுற்றினார். சென்னைக்கும் வந்தார். உறுமியை அடிக்கச் சொல்லிப் பதிந்தார். "தளபதி" படப் பாட்டையும் கலந்தார். மிஷின் எங்கே, தோல் மேளம் எங்கே!

2007-ல் ஆல்பம் வந்தது. பெயர் "கலா".

விசாத் தொல்லையையும் அவர் விடவில்லை. அதையே ஒரு பாட்டாக்கினார். 2008-ல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் அதற்கு 4-வது இடம்!